கல்லல் பக்கம் ஊற்றுக்கண் திறந்து தொட்டி கட்டிய வேலை: பத்து மாத அனுபவம், ஐந்துக்கு மூன்றரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது போர் போடுகிறவர்களைப் பற்றிய விமர்சனம் இல்லை. எங்கள் தோட்டத்தில் தூர்ந்துபோய்க் கிடந்த ஒரு பழைய ஊற்றைத் தோண்டி, கண் திறந்து, தொட்டி கட்டி, வீட்டுக்குக் குழாய் இழுத்துக் கொடுத்த நாலு பேர் கொண்ட ஒரு குழுவைப் பற்றியது. போகிற போக்கில், அதற்கு முன்னால் நான் காசு கொடுத்த இன்னும் இரண்டு பேரைப் பற்றியும் சொல்கிறேன். யார் பெயரையும் போடவில்லை. நம் பக்கம் இந்த வேலை தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், வேலையும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நடுவில் ஒரு பெரிய தப்பு நடந்தது, அதைப் பெயரோடு எழுதி அவர்கள் பிழைப்பில் மண் போட மனசில்லை. நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் எந்த இடத்தில் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

எங்கள் வீடு கல்லலில் இருந்து உள்ளே தள்ளி, ஊருக்கும் வெளியே, இரண்டு ஏக்கர் செம்மண் மேட்டில் இருக்கிறது. மேடு மெதுவாகச் சரிந்து கண்மாய்ப் பக்கம் இறங்கும். செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஆத்தங்குடிக் கல்லும் தேக்குத் தூணும்தான் ஞாபகம் வரும். எங்களுடையது அப்பா கட்டிய சாதாரண ஓட்டு வீடு, தூண் இரண்டு, அதுவும் வேப்பமரம். தண்ணீர்க் கஷ்டம் மட்டும் பெரிய வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் ஒன்றுதான். வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு என்று ஒன்று இல்லாத சீமை இது, அதனால்தான் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, பெரிய வீட்டு ஓட்டில் விழுகிற மழை முற்றத்தில் இறங்கி வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி தெருவையே சரிவு பார்த்துப் போட்டிருக்கிறார்கள். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எங்கள் அப்பத்தா, "இதுக்கு ஒரு சட்டமா, நாங்க முத்தத்துல அண்டா வச்சுப் புடிச்சதுதானே" என்று சிரித்தாள்.

வீட்டில் 260 அடி போர் ஒன்று உண்டு. தண்ணீர் வருகிறது, வாயில்தான் வைக்க முடியாது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, ஹீட்டர் கம்பியில் ஆறு மாதத்தில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டிவிடும். ஊருக்குள் குழாய் வந்துவிட்டது, எங்கள் தோட்டம் வரைக்கும் லைன் வரவில்லை. ஆக, குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர், ஒரு கேன் 35 ரூபாய், வாரத்துக்கு ஏழெட்டு கேன். விருந்தாளி வந்தால் கணக்கே வேண்டாம்.

சரி, இன்னொரு போர் போடலாம் என்று நினைத்துத்தான் நீரோட்டம் பார்ப்பவரை அழைத்தேன். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். மூன்று இடத்தில் தேங்காய் எழுந்து நின்றது, அதில் ஒன்று மாடு கட்டும் புளியமரத்தடி, அங்கே இரண்டு ஊற்று கூடுகிறது என்றார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு 1,001 ரூபாய் வைத்துக் கொடுத்தேன். மனிதர் நல்லவர், சத்தியமாக அவர் கை தானாகத்தான் அசைந்தது என்று நான் நம்புகிறேன். ஆனால் என் அக்கா மகன், கல்லூரியில் படிக்கிற விடலை, "மாமா, ஐயா கண்ணைக் கட்டிட்டு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு தடவை நடக்கட்டுமே" என்று ஆரம்பித்தான். அவரும் சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தார். இந்த முறை தேங்காய் எழுந்தது புளியமரத்துக்கு நாற்பது அடி தள்ளி, எங்கள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில். யாரும் எதுவும் பேசவில்லை. காபி குடித்துவிட்டுப் போனார். குச்சியோ தேங்காயோ, கண்ணை மறைத்து வைத்த சோதனைகளில் இது தேறியதில்லை. இந்த மண்ணையே பார்த்து வளர்ந்த ஒருவர் சரிவையும் மரத்தையும் வைத்துச் சொல்வது வேறு, அதில் விஷயம் இருக்கிறது, தேங்காய்க்கு அதில் பங்கில்லை என்பதுதான் என் கருத்து.

அடுத்தது மீட்டர். ஒரு தம்பி, நிலவியல் படித்தவர், பேட்டரி, நாலு இரும்புக் கம்பி, இரண்டு சுருள் ஒயரோடு வந்தார், 6,000 ரூபாய். வெளியில் இருக்கிற இரண்டு கம்பி வழியாக மின்சாரத்தை மண்ணுக்குள் விட்டு, உள்ளே இருக்கிற இரண்டு கம்பிக்கு நடுவில் எவ்வளவு மின்னழுத்தம் என்று பார்ப்பார்கள். கம்பிகளைத் தள்ளித் தள்ளி நடும்போது இன்னும் ஆழத்தில் இருக்கிற மண்ணின் கணக்கு வரும். ஈரம் இருந்தால் மின்தடை குறையும். இதில் ஒரு பொறி இருக்கிறது, அதை அந்தத் தம்பியே சொன்னார், அதற்காகவே அவருக்கு முழு மார்க். "அண்ணே, இங்க எண் கம்மியாத்தான் காட்டுது, ஆனா களியா இருந்தாலும் இப்படித்தான் காட்டும், உப்புத் தண்ணியா இருந்தாலும் இப்படித்தான் காட்டும். இதை நம்பி மட்டும் மிசினைக் கூப்பிட்டுறாதீங்க." கை துளைப்பானை வைத்து அவர் சொன்ன இடத்தில் பதினெட்டு அடி இறக்கிப் பார்த்தோம், வெண்ணெய் மாதிரி வழவழவென்று சாம்பல் நிறக் களி வந்தது, ஒரு சொட்டு ஊறவில்லை. ஆனால் அந்தக் களிதான் பிறகு எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது.

மேலே இருப்பது செம்புறாங்கல். காரைக்குடி, கல்லல் பக்கம் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினவர்களுக்குத் தெரியும், தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். மழை பெய்தால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் கீழே இறங்கும். அடியில் களி வந்ததும் இறங்க வழியில்லை, களியின் மேலேயே சரிவு பார்த்து நகரும். எந்த இடத்தில் மேடு வெட்டுப்பட்டுக் களியின் மட்டம் வெளியே தெரிகிறதோ அங்கே கசியும். அதுதான் ஊற்று, வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பீற்றிக்கொள்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த ருசி இந்தச் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் வடிகட்டித் தருவது என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. அப்படியென்றால் என் மேட்டிலும் எங்கேயோ ஒன்று கசிய வேண்டுமே.

கண்டுபிடித்தது அப்பத்தா. பைசாச் செலவில்லை. அவளுக்கு எண்பத்து நாலு வயது, கண் மங்கல், நடை மட்டும் இன்னும் இருக்கிறது. கண்மாய்க்கு இறங்குகிற சரிவில், நாவல் மரத்துக்குக் கீழே, "அங்க ஒரு ஊத்துக்குழி இருந்துச்சுடா, ஆடு மேய்க்கிற புள்ளைக கொட்டாங்கச்சியில அள்ளிக் குடிக்கும்" என்றாள். சித்திரை மாதம், விடிகாலையில் போய்ப் பார்த்தேன். சுற்றிலும் எல்லாம் காய்ந்து சருகாகக் கிடக்க, ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மட்டும் கோரை பச்சையாக நிற்கிறது, ஈரமண்ணில் குளவி உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது, பக்கத்திலேயே ஆளுயரப் புற்று. வருஷம் பூராவும் அந்த வழியாகத்தான் கண்மாய்க்கு நடந்திருக்கிறேன், பார்த்ததே இல்லை. ஐப்பசி கார்த்திகையில் போனால் எல்லா இடமும் பச்சையாகத்தான் இருக்கும், ஒன்றும் தெரியாது, பங்குனி சித்திரையில்தான் தேட வேண்டும். இன்னொரு விஷயம், அது எங்கள் பட்டாவுக்குள் இருக்கிறதா, கண்மாய்ப் புறம்போக்கிலா என்று முதலில் அளந்து பார்த்தேன். ஆறடி உள்ளேதான், தப்பித்தோம்.

முதலில் ஒரு பொக்லைன்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஒரு மணி நேரம் போதும் சார், பதினஞ்சு அடிக்குப் பள்ளம் பறிச்சுட்டா தண்ணி தானா நிக்கும்" என்றார். நல்லவேளை, அன்றைக்கு வண்டிக்கு டீசல் இல்லை. இரண்டு நாள் கழித்து நான் சொல்லவந்த குழு வந்தது. கிணறு தூர் வாருவதும் உறை இறக்குவதும் அவர்கள் வழக்கமான தொழில், ஊற்று வேலை எப்போதாவது. அதில் மூத்தவர், அறுபது வயதுக்கு மேலே இருக்கும், பொக்லைன் பேச்சைக் கேட்டதும் தலையில் கை வைத்துவிட்டார். "களியை ஒடைச்சீங்கன்னா பானைக்கு அடியில ஓட்டை போட்ட மாதிரி. தண்ணி கீழ எறங்கிப் போயிரும், அப்புறம் அழுதாலும் வராது." ஊற்றைப் பற்றி நான் கேட்டதிலேயே உபயோகமான பேச்சு இது. கீழே தோண்டக் கூடாது, தண்ணீர் வருகிற பக்கமாக, மேட்டைப் பார்த்துப் பக்கவாட்டில் போக வேண்டும்.

அப்படித்தான் போனார்கள். கடப்பாறை, மண்வெட்டி, பாண்டு, அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் கோரை வேரையும் சேற்றையும் அள்ளியே போயிற்று, எனக்குக் கொஞ்சம் சந்தேகம்கூட வந்தது, நாள் கூலிக்காக இழுக்கிறார்களோ என்று. மூன்றாம் நாள் பதினோரு மணி இருக்கும். சேறு எல்லாம் போய் செம்புறாங்கல் சுவர் மாதிரி தெரிந்தது, ஆறேழு இடத்தில் ஈரம் வேர்த்திருந்தது. பெரியவர் ஒவ்வொரு இடமாகக் கையை வைத்து வைத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் பொந்துக்குள் கட்டைவிரலை விட்டு, அப்படியே வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "தம்பி, இங்க கை வைங்க. மத்ததெல்லாம் வெதுவெதுன்னு இருக்குல்ல, இது குளுந்து கெடக்கு. இதுதான் கண்ணு" என்றார். வைத்தேன், உண்மைதான். வெயிலில் சுட்ட மேல்மண்ணில் ஊறி வருகிற கசிவு வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளிருந்து வருவதற்கு வெயிலும் குளிரும் ஒன்றுதான். பொந்தில் அடைத்திருந்த மண்ணைச் சின்னக் கம்பியால் நெருடி நெருடி எடுத்தார். முதலில் தக்காளி ரசம் மாதிரி சிவப்பாக வந்தது, பிறகு பொடிமணல் கலந்து வந்தது, மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு வந்து பார்த்தால் கண்ணாடியாக ஓடிக்கொண்டிருந்தது. விரல் தடிமன் தண்ணீர், அவ்வளவுதான். நாங்கள் ஐந்து பேரும் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றோம்.

அளந்து பார்த்தோம். தகரத்தை மடித்து ஓடை மாதிரி வைத்து, 10 லிட்டர் வாளியில் பிடித்தால் 8 நிமிடம். மணிக்கு 75 லிட்டர், நாளைக்கு 1,800. கேட்கும்போது ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கிறதல்லவா, பெரியவருக்கே முகம் கொஞ்சம் தொங்கிப்போயிற்று. ஆனால் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்றுதான் கணக்கு, எங்கள் வீட்டில் ஐந்து பேர், 275 லிட்டர். குளியல், துணி, மாடு இரண்டு எல்லாம் சேர்த்தாலும் 600 தாண்டாது. சொட்டினாலும் ராத்திரி பகல் நிற்காமல் சொட்டுகிறது, அதைச் சேர்த்து வைக்க இடம் இருந்தால் போதும். அதுவும் கோடையில், வருஷத்திலேயே மோசமான நேரத்தில் எடுத்த அளவு. மழைக்காலத்தில் அளந்துவிட்டு யாராவது உங்களிடம் நாளைக்கு ஐயாயிரம் லிட்டர் என்றால் நம்பாதீர்கள்.

கட்டுமானம் கச்சிதம். கண்ணுக்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடி ஒரு சின்னத் தொட்டி, கண் இருக்கிற பக்கம் மட்டும் சுவர் கிடையாது, அங்கே கழுவின கூழாங்கல்லை அடுக்கி, பெரிசு உள்ளே சிறுசு வெளியே, அதன் வழியாகத் தண்ணீர் தொட்டிக்குள் வரும்படி. பக்கவாட்டில் தண்ணீர் ஒழுகிப்போகாமல் இரண்டு பக்கமும் களியை மிதித்து மிதித்து அணை. மேலே கூழாங்கல்லை மூடிக் களி, அதன் மேல் கான்கிரீட் மூடி. மூடியின் விளிம்பு தொட்டிக்கு வெளியே நாலு விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது, மழைத் தண்ணீர் உள்ளே வழியாது. அங்கிருந்து சரிவில் பதினைந்து அடி கீழே 4 அடிக்கு 4 அடிக்கு 4 அடி சேமிப்புத் தொட்டி, முழுக்க நிறைந்தால் 1,800 லிட்டர், அதாவது கோடையில் ஒரு நாள் ஊறல் அப்படியே அதற்குள் அடங்கும். அடியில் சேறு வெளியேற்ற ஒரு கேட் வால்வு, மேலே வழிய ஒரு குழாய், குழாய் வாயில் தவளை, பல்லி போகாமல் துருப்பிடிக்காத கம்பி வலை. அங்கிருந்து அரை ஹெச்.பி. மோட்டார் வீட்டு மேல்தொட்டிக்கு ஏற்றுகிறது. கொத்து வேலையில் பூச்சு வழவழவென்று, தொட்டியின் உள்மூலைகளைக்கூட வட்டமாக உருட்டியிருந்தார்கள், அழுக்குத் தங்காது என்று. இதெல்லாம் நான் கேட்காமலே செய்தது.

இப்போது அந்தத் தப்பு. வேலை முடிந்து பதினைந்து நாள் ஜோராக ஓடியது. அப்புறம் ஒரு நாள் சேமிப்புத் தொட்டியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. மறுநாள் இன்னும் குறைவு. வாளி வைத்தால் 8 நிமிடம் 14 நிமிடமாகிவிட்டது. ஆனி மாதம் காய்ச்சல்தானே என்று விட்டுவிட்டேன், நாலு நாள் கழித்து அக்கா மகன் வந்து, "மாமா, நாவல் மரத்துக்கு அந்தப் பக்கம் புதுசா சகதியா இருக்கு" என்கிறான். போய்ப் பார்த்தால் தொட்டியில் இருந்து பத்தடி தள்ளி மண் நசநசவென்று ஊறியிருக்கிறது. ஊற்று இடம் மாறிக்கொண்டிருக்கிறது!

காரணம் இதுதான். சின்னத் தொட்டியில் தண்ணீர் வழிகிற குழாயையும் கீழ்த்தொட்டிக்குப் போகிற குழாயையும் கண்ணுக்கு ஒன்றேகால் அடி மேலே வைத்துவிட்டார்கள். கொத்தனார் தம்பிக்கு நல்ல எண்ணம்தான், தொட்டியில் இன்னும் நாலு குடம் கூடுதலாக நிற்கட்டுமே என்று. ஆனால் கண்ணுக்கு மேலே தண்ணீர் நின்றால் அது கண்ணைப் பின்னால் அழுத்தும். ஊற்று என்பது மோட்டார் இல்லை, முட்டிக்கொண்டு வராது, எங்கே சுலபமோ அங்கே போய்விடும். நிற்கிற தண்ணீர் மட்டம் எப்போதும் கண்ணுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். இது பெரியவருக்குத் தெரியாமல் இருக்காது, குழாய் வைத்த அன்றைக்கு அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், நானும் வங்கிக்குப் போயிருந்தேன். ஆகவே நீங்கள் எதற்கு லீவு போட்டாலும் போடாவிட்டாலும் வழிகுழாய் வைக்கிற அன்றைக்குப் பக்கத்தில் இருங்கள், டேப்பை வைத்து அளந்து பாருங்கள்.

இதைவிட எரிச்சல், போன் எடுக்கவில்லை. ஒன்பது நாள். "வர்றோம்ணே, நாளைக்கு வர்றோம்ணே" என்பதே மூன்று முறை. ஒன்பதாம் நாள் பெரியவர் தனியாக டிவிஎஸ் 50-ல் வந்தார், பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லாமல் சுவரில் கண்ணுக்கு ஒரு சாண் கீழே ஓட்டை போட்டுக் குழாயைத் தாழ்த்தி, பழைய ஓட்டையை அடைத்துவிட்டு, கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குழாய், சிமெண்ட் காசு 740 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். இரண்டு நாளில் அந்தப் பக்கச் சகதி காய்ந்தது, வாளி திரும்ப 8 நிமிடத்துக்கு வந்தது. அன்றைக்குத்தான் தூங்கினேன். ஆனால் இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் தண்ணீர் புது வழியையே பிடித்துக்கொண்டிருக்கும் என்று அவரே சொன்னார், அதைக் கேட்டபோது ஒன்பது நாள் கோபம் திரும்ப வந்தது. ஒன்றரை மார்க் குறைத்தது இதற்குத்தான்.

தண்ணீர்ப் பரிசோதனை. நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், குளிர்பான பாட்டிலைக் கழுவி அதில் பிடித்துக்கொண்டு போனேன். உப்பு, இரும்பு பார்க்க அது போதும், கிருமி பார்க்கக் கிருமிநீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து, அன்றைக்கே சேர்க்க வேண்டும் என்று அரசு ஆய்வகத்தில் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்கள். திரும்பப் போனேன். கரைந்த உப்பு லிட்டருக்கு 90 மில்லிகிராம், கடினத்தன்மை 30, நைட்ரேட் 8, இரும்பு 0.4. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கரைந்த உப்பு 500 வரை நல்லது, நைட்ரேட்டுக்கு 45 எல்லை, ஆக இதெல்லாம் தங்கம். இரண்டு விஷயம் இடித்தது. ஒன்று, அமிலக் காரத் தன்மை (pH) 5.9, அதாவது கொஞ்சம் அமிலம், தரம் கேட்பது 6.5 முதல் 8.5. இன்னொன்று, 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாத இ.கோலை கிருமி இருந்தது.

கிருமிக்குக் காரணம் எங்கள் மாடுதான். ஊற்றுக்கு மேலே, அதே சரிவில் கட்டியிருந்தோம். மாட்டை அந்தப் பக்கம் மாற்றினோம், ஊற்றுக்கு மேல்பக்கம் முப்பது அடி தள்ளி அரைவட்டமாக ஒரு வாய்க்கால் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பிவிட்டோம், சுற்றி முள்வேலி. வாய்க்கால் வெட்டுவதைக் குழு சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கக்கூஸ் குழி எப்படியும் முப்பது மீட்டருக்கு அந்தண்டை, அதுவும் சரிவின் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும், எங்களுடையது வீட்டுக்கு மறுபக்கம், பிரச்சினை இல்லை. தொட்டியில் ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கலக்கி ஒரு ராத்திரி முழுக்க நிறுத்தி, மறுநாள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வாசனை போகும்வரை கழுவினோம். அடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை. ஐப்பசி அடைமழையில் திரும்ப ஒரு தடவை எடுத்தேன், அப்போதும் இல்லை. மழை பெய்த சில மணி நேரத்திலேயே ஊற்று கலங்கினால் மேல்தண்ணீர் உள்ளே வருகிறது என்று அர்த்தம், அந்த மழையில் எங்களுடையது கலங்கவில்லை. என்றாலும் குடிக்கிறதை மட்டும் காய்ச்சித்தான் குடிக்கிறோம், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது.

அமிலத்தை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பத்தாவின் பித்தளைக் குடத்தில் இரண்டு நாள் தண்ணீர் நின்றபோது விளிம்பில் பச்சையாக ஒரு கோடு விழுந்தது, புதுசாகப் போட்ட பித்தளைக் குழாயின் மூக்கிலும் அதே பச்சை. அப்புறம்தான் பயம் வந்தது. இந்த மாதிரித் தண்ணீருக்கு இரும்புக் குழாய் சீக்கிரம் அரித்துப்போகும், பித்தளை, செம்பு கரையும், பிளாஸ்டிக் குழாய்தான் சரி. குழுவினர் கறுப்பு ஓஸும் பிவிசியும் போட்டது தற்செயலோ தெரிந்தோ, நல்லதாகப் போயிற்று. மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது, கிளிஞ்சல். நம் வீட்டுச் சுவர்களின் வெள்ளைப் பூச்சுக்குச் சுட்ட அதே கிளிஞ்சலைச் சுடாமல், கழுவி உடைத்து ஒரு சாக்கு வாங்கி, சின்னத் தொட்டியில் இருந்து கீழே போகிற வழியில் ஒரு வாளி மாதிரி அறை வைத்து அதில் கொட்டிவிட்டேன். தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அமிலத்தைத் தணிக்கும். இப்போது 6.8. ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை கரைந்ததை நிரப்ப வேண்டும்.

ருசி பற்றிக் கேட்டால், துவரம்பருப்பு குக்கர் இல்லாமல் குண்டானில் அரை மணியில் குழைந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் இது நடந்து பதினைந்து வருஷம் இருக்கும். அப்பத்தா முதல் நாள் ஒரு சொம்பு குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், இன்னொரு சொம்பு கேட்டாள். தலைமுடியில் சோப்பு போக மாட்டேன் என்கிறது என்று என் மனைவி புகார் சொல்கிறாள், நல்ல தண்ணீருக்கு அதுதான் வழக்கம், அவள் பழக்கப்பட்டது உப்புத் தண்ணீருக்கு.

செலவு. 68,000 என்று பேசியது, 81,500-ல் முடிந்தது, மோட்டாரும் ஓஸும் தனி. கூடியதில் பாதி நியாயம், களி எதிர்பார்த்ததைவிட உள்ளே தள்ளி இருந்ததால் இரண்டு நாள் கூலி கூடியது. மீதி, சிமெண்ட் மூட்டைக் கணக்கு எனக்கு இன்னும் இடிக்கிறது, எழுதிக் கொடுங்கள் என்றால் எழுதிக் கொடுக்கிற பழக்கம் இல்லை. கேன் காசைக் கழித்தால் ஐந்தாறு வருஷத்தில் கட்டும். உங்கள் நிலம் சமதளமாக இருந்தாலோ, சித்திரையில் எங்கேயும் ஈரம் தெரியாவிட்டாலோ இந்தக் குழுவைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை, அவர்கள் ஊற்றைத் தேடித் தருகிறவர்கள் இல்லை, இருக்கிறதைத் திறந்து தருகிறவர்கள். நான் தேங்காய்க்கும் மீட்டருக்கும் கொடுத்த ஏழாயிரத்தையும் முதலிலேயே அப்பத்தாவுக்கு ஒரு நல்ல கண்டாங்கி வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

மார்கழியில் வாளி இரண்டே நிமிடத்தில் நிறைந்தது, நாளைக்கு 7,200 லிட்டர், வழிந்ததைக் கல்தொட்டியில் விட்டோம், பக்கத்துத் தோட்டத்து ஆடெல்லாம் இப்போது நம் வேலி ஓரம்தான். இப்போது பங்குனி, நாலு நிமிடம். வைகாசியில் வாளியும் கையுமாகப் போய்த் திரும்ப அளப்பேன், எட்டு நிமிடத்தைத் தாண்டினால் இங்கேயே வந்து மார்க்கைக் குறைக்கிறேன்.